மல்காஜ்கிரி வீட்டில் தேடியது யார்?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கெல்லாம் முதல் மாதத்திலேயே ஒரு வியாதி வரும். பயப்படாதீர்கள், இந்தத் தொழிலில் எல்லாருக்கும் வருவதுதான். நம் இணையதளத்தில் யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று திறந்து பார்க்கும் வசதி கைக்கு வந்ததும், விரல் தானாகத் தெரிந்தவர்கள் பக்கம் நகரும். ஹாஸ்டல் தோழி எந்த ஊரில் வீடு தேடுகிறாள்? நம்மைப் பெண் பார்த்துவிட்டுப் பதிலே சொல்லாமல் போன மகராசன் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறானா? ஆரம்பம் இப்படித்தான் இருக்கும். அந்த வியாதிக்கு மருந்தாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் மேலாளர் என்னைக் கேட்டார். "ஸ்லைடு வேண்டாம் மேடம், எழுத்தாகவே கொடுங்கள்" என்றும் சொன்னார். நான் போடும் ஸ்லைடுகளைப் பல வருஷம் உட்கார்ந்து பார்த்தவர் அவர், பாவம்.

நான் செகந்திராபாத்காரி. எங்கள் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் கன்டோன்மென்ட்டுக்கு வேலைக்கு வந்தவர். அதனால் என் பேச்சில் ஆமாம் என்பதற்கு ஹவ்வும் மாட்டேன் என்பதற்கு நக்கோவும் விழும், பொறுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமாகிக் குஷாய்குடாவுக்குப் போனேன். வீட்டுக்காரருக்கு அங்கே அரசாங்க மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு வீடு, மனை, வாடகை எல்லாம் காட்டும் இணையதளத்தில் வேலை. பார்க்க வருகிறவர்களின் போனில் ஒரு சின்ன அடையாளத்தை ஒட்டிவிட்டு, அவர்கள் வேறெந்தப் பக்கம் போனாலும் பின்னாலேயே போய் "நேற்று பார்த்தீர்களே, அந்த வீடு இன்னும் இருக்கிறது" என்று காதில் ஓதுவது எங்கள் பிரிவின் வேலை. என் அம்மாவுக்கு இதை விளக்கியபோது, "இதுக்காடி எம்.சி.ஏ. படிச்சே?" என்று கேட்டாள்.

எங்கள் பிரிவில் ரேவதி என்று ஒருத்தி இருந்தாள். திருச்சிப் பெண். முப்பதைத் தாண்டியவள், கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. அவளை எனக்கு என் சொந்தப் பெண்ணைவிடப் பிடிக்கும். என் பெண் இதையெல்லாம் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். அவள் கணவன் கார்த்திக் மல்காஜ்கிரியில் வளர்ந்தவன். மாமனாரும் மாமியாரும் கோயம்புத்தூர்ப் பக்கம். மாமனார் இங்கே ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ரேவதியின் பெண் குழந்தையையும் சேர்த்து எல்லாரும் ஒரே வீட்டில், ஒரே சமையல்.

ஒருநாள் ரேவதி ஒரு யோசனையோடு வந்தாள். நம் ஊரில் வீடு வாங்குவது தனி ஆளின் சமாச்சாரம் இல்லை. பிள்ளை பார்ப்பான், அப்பா விலை பேசுவார், அம்மா சமையலறை எந்தத் திசை என்று கேட்பாள். அப்படியிருக்க, நாம் ஏன் ஒவ்வொரு போனையும் தனி ஆளாக நினைக்க வேண்டும்? ஒரே வைஃபையில் இருக்கிற போன், கம்ப்யூட்டர், டிவி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பார்த்தால் வீடு முழுக்கக் காட்டுவோம். இதுதான் அவள் திட்டம். அவளே எழுதி முடித்தாள். விசாரிப்புகள் கூடின. கேக் வெட்டினோம். வீட்டில் ஒருவர் பார்த்ததை மற்றவர்களும் பார்க்கலாமா என்று அந்த அறையில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேக் நன்றாக இருந்தது.

அடுத்த மாதமே ஒரு திங்கட்கிழமை, ரேவதி கண்கள் வீங்கி வந்தாள். கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைத் தொடவில்லை.

"வீட்டு டிவியில நம்ம விளம்பரம் வந்துச்சு மேடம். மாமா போன்ல, அத்தை போன்ல, எல்லாத்துலயும். 'மூத்தோருக்கான இனிய இல்லம், கோவை.' தலை நரைச்ச ரெண்டு பேர் சிரிச்சிட்டு டீ குடிக்கற படம்."

எனக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. மீதியையும் அவளே சொன்னாள். மாமனார் கூடத்தில் எல்லாரையும் நிற்க வைத்து, இதைத் தேடியது யார் என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் இல்லை என்றார்கள். எல்லாக் கண்ணும் ரேவதி மேல் திரும்பியது. வேலை பார்ப்பதே அந்தக் கம்பெனியில்தானே.

"'எங்களுக்கு எடம் பாத்தாச்சாக்கும் அம்மிணி? நீ ஏன் சிரமப்படறே, நாங்களே போயிக்கறோம்'னு சொல்லிட்டார் மேடம். சென்னையில நாத்தனார் வீட்டுக்கு டிக்கெட் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்கால வண்டி. போறதுக்கு மட்டும்தான் டிக்கெட், வர்றதுக்கு இல்ல. அத்தை ஒரு வார்த்தை பேசல. எழுந்து உள்ள போய்ட்டாங்க."

"கார்த்திக்?"

அங்கேதான் உடைந்தாள். "'உண்மையைச் சொல்லு, நான் கோச்சுக்கமாட்டேன்'னு சொல்றார். கோச்சுக்கமாட்டாராம்!"

பத்து வருஷம் கூட இருந்தவன் நம்புகிறேன் என்று சொல்லாமல், கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கே அவன் காதைத் திருக வேண்டும் போல் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். யார் எந்த போனில் பார்த்தார்கள் என்ற மூலப் பதிவைத் திறக்க என் ஒப்புதல் வேண்டும், அது எங்கள் பிரிவின் நடைமுறை.

"ஒரே ஒரு தடவை மேடம். எங்க வீட்டு வைஃபை விவரம் என்கிட்டயே இருக்கு. எந்த போன்ல இருந்து பாத்தாங்கன்னு தெரிஞ்சா போதும்."

"தெரிஞ்சுக்கிட்டு?"

"ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டுப் போய் மாமா முன்னாடி வைப்பேன். நான் இல்லைன்னு தெரியட்டும்."

"கார்த்திக் போனா இருந்தா?"

"இருக்காது."

"இருந்தா?"

அதுவரை அவளுக்கு அது தோன்றவே இல்லை.

இங்கே என் முதல் மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெலுங்குக்காரர். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் வேண்டாம். யாராவது ஒருவரைப் பற்றிய பதிவு வேண்டும் என்று எந்தக் கொம்பன் வந்து கேட்டாலும், "வாள்ளே அடிகாரா?" என்று திருப்பிக் கேட்பார். பதிவுக்குச் சொந்தக்காரர்களே கேட்டார்களா என்று அர்த்தம். ஒருதரம் கம்பெனியின் பெரிய தலை ஒன்று அவர் அறைக்கு வந்தது. தன் மகன் பெங்களூரில் தனியாக ஃபிளாட் தேடுகிறானா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பெற்ற அப்பாவின் கவலைதான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நம்மவர் டீ வரவழைத்து, பிஸ்கட் வைத்து, மிகவும் மரியாதையாக அதே கேள்வியைக் கேட்டார். பெரிய தலை டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனது. அந்த வருஷம் நம்மவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அடுத்த வாரமே இன்னொருவர் வந்து கேட்டபோதும் அதே கேள்விதான் கேட்டார்.

ரேவதியும் அவரிடம் பாடம் கேட்டவள்தான். அதனால் நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"நானேதான் கேக்கறேன் மேடம். என் வீடு. என் வைஃபை. மாசாமாசம் பில் கட்டறது நான்."

"அந்தப் பக்கத்தை நீ பாத்தியா?"

"இல்ல."

"அப்ப நீ கேக்கறது உன்னைப் பத்தி இல்லையே ரேவதி. வீட்டுல இன்னொருத்தரைப் பத்தி. அவங்க இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஏன் சொன்னாங்களோ, நமக்குத் தெரியாது. நக்கோ, நான் திறக்கமாட்டேன்."

"நீங்க ரூல் பேசறீங்க. என் குடும்பம் போகுது."

எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு என் மின்னஞ்சல்களுக்கெல்லாம் "நோட்டட்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. பிறந்தநாள் கேக் வெட்டும்போதும் பக்கத்தில் வரவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. மறுக்கிறவர்களுக்குத் தூக்கம் நன்றாக வரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். திறந்துவிட்டால் ஒரு நிமிஷ வேலை. அவள் நிரபராதி என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், வீட்டாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஸ்க்ரீன்ஷாட் கூடத்து மேஜை மேல் விழும்போது இன்னொருவர் தலைகுனிந்து நிற்பார். கணவனாக இருந்தால் ரேவதி அந்த வீட்டில் எப்படி இருப்பாள்? மாமனாராக இருந்தால், அத்தனை சத்தம் போட்ட மனிதர் பேத்தி முன்னால் என்ன ஆவார்? மாமியாராக இருந்தால்? ஆபீஸில் இருந்து அத்தாட்சி கொண்டுவந்து மாமியாரைப் பிடித்துக் கொடுத்த மருமகள் என்ற பெயர் ஆயுசுக்கும் போகாது. யாரோ ஒருவர் தயங்கித் தயங்கி ஒளித்து வைத்ததை நான் ஏன் பிடுங்கி வெளியே போட வேண்டும்?

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் முடியவில்லை. யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவாயிற்று. அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது ரகசியமே இல்லை, கேட்கிற எல்லாருக்கும் சொல்ல வேண்டிய விஷயம். அதை யார் விரல் தொட்டது என்பது மட்டும்தான் அந்த விரலுக்குச் சொந்தம். முதல் விஷயத்தை நான் தாராளமாகப் போய்ச் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை ரேவதியின் மேஜைக்குப் போனேன்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வரேன்."

"எதுக்கு?"

"உங்க மாமனார்கிட்ட வைஃபை பாஸ்வேர்ட் வாங்கறதுக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ரிட்டயர் ஆகும் வயதில் கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். ஆனால் வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

வீடு முழுக்கக் காட்டும் அந்த வசதியைப் பிறகு என்ன செய்தோம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசியில் மறந்துபோவேன். முதியோர் இல்லம், பெண்கள் விடுதி, ஒற்றை ஆள் வாடகை, இதெல்லாம் வீட்டுக் கணக்கில் சேரக்கூடாது என்று எடுத்துவிட்டோம். பிறகு வீடு முழுக்கக் காட்டுவதையே, கேட்கிறவர்களுக்கு மட்டும் என்று மாற்றினோம். எல்லாவற்றையும் செய்தது ரேவதிதான். விற்பனைப் பிரிவு குதித்தபோது அவள் போட்ட சத்தத்தில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். குஷாய்குடாவில் ஆட்டோ பிடித்து, மௌலா அலி வழியாக, மடியில் ஒரு பை மாம்பழத்தோடு போய்ச் சேர்ந்தேன். முதல் மாடி வீடு. கூடத்தில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், வண்டி இப்போதே பிளாட்பாரத்துக்கு வந்துவிட்ட மாதிரி. கார்த்திக் என் முகத்தைப் பார்க்காமல் மாம்பழத்தை வாங்கிக்கொண்டான். மாமியார் சரஸ்வதி அம்மா வாசல்வரை வந்து "வாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார். "பாப்பா, மேடத்துக்குத் தண்ணி கொண்டா" என்று அவர் கேட்க, பேத்தி "ஒன் மினிட் பாட்டி, ஒஸ்துன்னா" என்றது, வருகிறேன் என்பதைத் தெலுங்கில்.

"ஏனுங் மேடம், சமாதானம் பேச ஆபீசுல இருந்து அனுப்பிச்சாங்களாக்கும்?" என்றார் மாமனார்.

"இல்லைங்க சார், சாப்பிடத்தான் வந்தேன். அதுக்கு முன்னாடி உங்க வைஃபை பாஸ்வேர்ட் கொஞ்சம் சொல்லுங்க."

அவர் எதிர்பார்க்கவில்லை. "பாஸ்வேர்டுங்களா? என்ற சம்சாரம் பேருதானுங்க" என்றார். இவ்வளவு கோபக்காரர் அதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார். பாஸ்வேர்டை இப்படி வைக்கக் கூடாது என்று பாடம் எடுக்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

"சார், இது என் போன். இப்ப உங்க வைஃபையில இருக்கு. எங்க கம்பெனிப் பக்கத்தைத் திறக்கறேன், பாருங்க. என்ன தேடப் போறேன் தெரியுமா? கோவாவுல கடற்கரையோரம் பார் நடத்த ஒரு இடம்."

"பாருங்களா?"

"ஹவ் சார், பார்தான். பிராந்திக் கடை."

அவர் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒன்றல்ல, வரிசையாக நாலைந்து இடங்களைத் திறந்து, படங்களைப் பெரிதாக்கி, மனசாரப் பார்த்தேன். "சரி, இனிமே சாப்பிடலாம்" என்று போனைப் பைக்குள் போட்டேன்.

அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய், சுட்ட அப்பளம். நான் சாப்பாட்டை ஒருமுறை பாராட்டினேன். மாமனார் போனில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறை பாராட்டினேன். ரேவதி சாதத்தைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாள். வேலை பார்க்கும் காலமெல்லாம் தன் நிரல் எங்கேயும் தப்பு செய்யக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள், இப்போதும் அதையேதான் வேண்டிக்கொண்டாள், வேறு காரணத்துக்காக. பார் தேடிய கிழவி என்ற பெயரோடு திரும்பிப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். மூன்றாம் முறை பாராட்டியபோது சரஸ்வதி அம்மாவே, "இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டார்.

கை கழுவிவிட்டு மாமனார் வழக்கம்போல் போனில் செய்தி படிக்க உட்கார்ந்தார். இரண்டு செய்தி தள்ளினார். சட்டென்று போனைக் கவிழ்த்துத் தொடை மேல் வைத்தார். கார்த்திக் எட்டி அதை எடுத்து உரக்கப் படித்தான்.

"'கோவாவில் உங்கள் கனவு பார்! கடலைப் பார்த்த இடம். இன்றே பேசுங்கள்.' அப்பா, கடை எப்ப திறக்கறீங்க?"

"டேய், நான் காப்பியவே அளவாக் குடிக்கறவனாக்கும்!"

பேத்தி டிவியைக் காட்டிக் கத்தியது. அங்கேயும் அதே கடல், அதே பார். கார்த்திக் போனிலும் வந்துவிட்டது. அந்த வீட்டில் அந்த வாரம் முதல்முறையாக எல்லாரும் சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார், பிறகு நிறுத்திவிட்டார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். வேலை தெரிந்த மனிதர் அல்லவா.

"ஏனுங் மேடம், இது எங்க டிராக் சர்க்யூட் மாதிரிங்களா? லைன்ல வண்டி நின்னா கேபின்ல செகப்பு வெளக்கு எரியும். வண்டி நிக்குதுன்னு தெரியும். எந்த வண்டி, ஆரு ஓட்டறாங்கங்கறது அந்த வெளக்குக்குத் தெரியாதுங்க."

"அதேதான் சார். நான் பதினஞ்சு ஸ்லைடு போட்டாலும் இப்படிச் சொல்லியிருக்கமாட்டேன். இந்த வைஃபையில யார் இருந்தாலும் போதும். வீட்டாளா இருக்கலாம், வந்து தங்கின விருந்தாளியா இருக்கலாம், என்னை மாதிரி பார் தேடற பொம்பளையா இருக்கலாம்."

அவர் ரேவதி பக்கம் திரும்பினார். "அப்ப நான் வெளக்கப் பாத்துப்போட்டு டிரைவர் பேரையே சொல்லீட்டேன். சர்வீஸ்ல இருந்தப்ப இப்படிச் செஞ்சிருந்தா என்னய வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அம்மிணி..." என்றார். ரேவதி, "பரவால்ல மாமா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கார்த்திக் அவள் பக்கத்தில் போய் நின்றான். நிற்கட்டும், இன்னும் கொஞ்ச நாள் நிற்க வேண்டியவன்தான்.

"விருந்தாளின்னீங்களே!" மாமனாருக்குத் திடீரென்று உற்சாகம் வந்தது. "பொள்ளாச்சியில இருந்து சித்தப்பா பையன் வந்து தங்கீட்டுப் போனான். அவந்தான் பாத்திருப்பான். அவிய அப்பாவ எங்கியாவது தள்ளிவிட எடம் பாக்கறானாட்ட இருக்குது."

அத்தனை பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் முகம்கூடப் பார்த்திராத அந்தப் பொள்ளாச்சிக்காரர் மேல் எனக்கே பாசம் வந்தது. அவர் தலையில் போட்டுவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. கார்த்திக் டிக்கெட்டை ரத்து செய்யப் போனை எடுத்தான். வந்த வேலை முடிந்தது என்று நான் என் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

சரஸ்வதி அம்மா பாத்திரத் தொட்டி முன்னால் நின்றிருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, பாத்திரம் எதுவும் கையில் இல்லை.

"மேடம், உங்க மிஷின்ல ஆரு பாத்தாங்கன்னு தெரியுமுங்களா?"

"தெரியும்க்கா. எந்த போன், எந்த நேரம், எல்லாம் இருக்கும்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"மருமக கேட்டிருப்பாளே."

"கேட்டா. அழுதா. நான் திறக்கல."

"ஏனுங்க?"

"பாத்தவங்க என்கிட்டக் கேக்கலையே அக்கா. அவங்களுக்குச் சொல்லணும்னு தோணினா அவங்களே சொல்லிக்கட்டும். தோணலைன்னா வேண்டாம். அது அவங்க இஷ்டம்."

குழாயை மூடினார். "நீ நல்லா இருப்பே அம்மிணி" என்றார். மேடம் போய் அம்மிணி ஆனதை அப்போது நான் கவனிக்கவில்லை, ஆட்டோவில் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"ஏனுங்க, பொள்ளாச்சிக்காரன் மேல பழியப் போடாதீங்க. நாந்தான் பாத்தேன்."

கார்த்திக் தலையைத் தூக்கினான். "அம்மா?"

"குறுக்க பேசாதே கண்ணு, சொல்லிப்போடறேன். ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப பக்கத்து வீடு, எதுத்த வீடு எல்லாம் நம்ம பேச்சு. ரிட்டயர் ஆனதும் எல்லாரும் ஊரப் பாக்கப் போயிட்டாங்க. இங்க பகல் பூரா உங்கப்பாவுக்கு பேப்பரு, போனு. நீங்க ரெண்டு பேரும் ஆபீசு. பாப்பா தங்கமான புள்ள, நான் தமிழ்ல கேட்டா அது இங்கிலீசுல சொல்லுது. கீழ் வீட்டம்மாகூட தெலுங்குல ரெண்டு வார்த்த பேசுவேன், அதுக்கு மேல எனக்கு வராது. அந்தப் படத்துல அஞ்சாறு பொம்பளைக வட்டமா உக்காந்து அவரைக்கா நறுக்கிக்கிட்டுப் பேசீட்டு இருந்தாங்க. அதத்தான் பாத்தேன். மறுக்கா மறுக்காப் பாத்தேன்."

அவர் ரேவதியிடம் திரும்பினார்.

"உன்னயக் கேட்டப்பவே நான் சொல்லியிருக்கோணும் அம்மிணி. பையன் மனசு நோகுமேன்னு வாய மூடிக்கிட்டேன். நீ ரூமுக்குள்ள அழுதது எனக்குக் கேட்டுது. கேட்டும் பேசாம இருந்தேன்."

ரேவதி ஓடி வந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கார்த்திக் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி நின்றான்.

மாமனார் மட்டும் அசையவில்லை. அத்தனை நாள் சத்தம் போட்டவர், கூடத்தில் நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்தவர், இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடி மனைவியை அண்ணாந்து பார்த்தார். பயந்துபோன முகம். குரலும் இறங்கிவிட்டது.

"ஒருத்தருக்கு மட்டுமா பாத்தே, ரெண்டு பேருக்கா?"

இந்தக் கேள்விக்கான விடை நம் பதிவில் இருந்தது, பிள்ளைகளே. எத்தனை பேருக்கு அறை என்று தேர்ந்தெடுக்கும் பட்டனை அந்த அம்மா எந்தப் பக்கம் வைத்தார் என்பதுகூட அங்கே இருக்கும். நான் திறந்திருந்தால் மாமனாருக்கு முன்பே, அந்தத் திங்கட்கிழமையே, டீக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கும் ரேவதிக்கும் அது தெரிந்திருக்கும். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதருக்கு முந்தி அதைத் தெரிந்துகொள்ள நாங்கள் யார்? நல்ல வேளை, அந்தக் கூடத்தில் எல்லாரையும் போல நானும் ஒன்றும் தெரியாமல் அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு பேருக்குத்தானுங்க. ஒருத்தருக்குன்னா காசு கம்மின்னு காட்டுச்சு. நான் மாத்தலீங்க."